டோசிங் பம்ப் வாங்குமுன்: டெல்டாவில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாயவரத்தில் என் வீட்டு முன்கூடத்தில் ஆறு வருடமாக ஒரு கடல் தொட்டி ஓடுகிறது. கண்ணாடிக் கணக்கில் 220 லிட்டர். பாறை, மணல் போக உள்ளே நிற்கும் நீர் 180 லிட்டர். இந்த ஆறு வருடத்தில் மூன்று டோசிங் பம்ப் வாங்கிவிட்டேன். பவளத்துக்கு வேண்டிய கரைசலை அளந்து, குறித்த நேரத்தில் தானே தொட்டிக்குள் விடும் கருவி அது. முதல் இரண்டையும் வாங்கும்போது எத்தனை ஹெட் (ஒரு ஹெட் ஒரு கரைசலைத் தள்ளும்), மொபைல் ஆப் உண்டா, என்ன விலை என்றுதான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இரண்டு. என் தொட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறது? கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் இந்தப் பம்ப் என்ன செய்யும்? தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ நாகப்பட்டினத்திலோ தொட்டி வைத்திருப்பவருக்கு இரண்டாவது கேள்வி முதல் கேள்விக்கு இம்மியும் குறைந்ததில்லை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டையும் சுற்றித்தான்.

பம்ப் தேவைதானா?

பவளமும், பாறைமேல் ஊதா நிறத்தில் படரும் சுண்ணாம்புப் பாசியும், நத்தையும் நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத்தான் தங்கள் ஓட்டைக் கட்டுகின்றன. கடல்நீரில் கால்சியம் ஏறத்தாழ 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு), மெக்னீசியம் 1,300 பி.பி.எம்., அல்கலினிட்டி, அதாவது நீரில் இருக்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு, 7 டி.கே.எச். இருக்கும். டி.கே.எச். என்பது அதை அளக்கும் அலகு. கடலில் எடுக்க எடுக்கக் குறையாது. தொட்டியில் குறையும். அதை ஈடுகட்டத்தான் டோசிங்.

மென்பவளமும் காளான் பவளமும் மட்டும் வைத்திருப்பவர் பம்ப் வாங்கிக் காசை இறைக்க வேண்டாம். அல்கலினிட்டி 11 வரும் உப்பில் கலந்த நீரை வாரம் 10 சதவீதம் மாற்றினால், 7.5-இல் நிற்கும் தொட்டி 0.35 ஏறும். வாரத்துக்கு 0.3, 0.4 இறங்கும் தொட்டிக்கு அதுவே போதும். வாரத்துக்கு 1 வரை இறங்கினால் தினமும் காலையில் ஒரு சிரிஞ்சில் எடுத்து ஊற்றிவிடலாம். ஒரு நாளைக்கே 0.3-க்கு மேல் இறங்கினால்தான் பம்ப். நீங்கள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகும் மூன்று நாளில் தொட்டி ஆட்டம் காணத் தொடங்குவது அந்த அளவில்தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் கடலின் கல் பவளங்கள் அத்தனையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாச் சரக்கு என்று யாராவது பையில் போட்டு நீட்டினால் தொடாதீர்கள். வெளிநாட்டுக் கல் பவளங்கள், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வருபவை, காகிதம் இல்லாமல் வாங்கக் கூடாதவை. பவளத்தின் மேல் ஆசை இருப்பவர்தான் கடலில் இருக்கும் பவளத்துக்கு முதல் காவல்.

மூன்று நாள் அளந்து பாருங்கள்

பம்ப் தேடுவதற்கு முன் டெஸ்ட் கிட் வாங்குங்கள். சாலிஃபெர்ட் மாதிரி சொட்டுக் கிட்டோ, ஹான்னாவின் அல்கலினிட்டி செக்கரோ, எதுவானாலும் சரி. ஆனால் ஒரே கிட்டில், ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். விளக்கு எரியும் நேரத்தில் பவளம் வேகமாக ஓடு கட்டும், இரவில் மெதுவாகக் கட்டும். ஒரு நாள் காலை 7 மணிக்கும் மறுநாள் இரவு 9 மணிக்கும் எடுத்த அளவுகளைக் கழித்துப் பார்த்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

மூன்று நாளும் மருந்து எதையும் ஊற்றாதீர்கள், நீரும் மாற்றாதீர்கள். ஞாயிறு காலை 8.6, திங்கள் 8.1, செவ்வாய் 7.6, புதன் 7.1 என்று வந்தால் அந்தத் தொட்டி நாளொன்றுக்கு 0.5 டி.கே.எச். குடிக்கிறது. 7-க்குக் கீழே போவதுபோல் தெரிந்தால் இரண்டு நாளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கால்சியத்தை அளந்து இந்தக் கணக்கைப் போட முடியாது. 1 டி.கே.எச். இறங்கும்போது கால்சியம் 7 பி.பி.எம். அளவுக்குத்தான் இறங்கும். 0.5 இறங்கினால் மூன்றரை. 420-இல் மூன்றரை குறைந்தது வீட்டுக் கிட்டில் பிடிபடாது. அதனால் அல்கலினிட்டிதான் நமக்கு நாடி. கால்சியத்தை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். மெக்னீசியம் இன்னும் மெதுவாக இறங்கும், மாதம் இருமுறை பார்த்துக் கையால் சரிசெய்யலாம்.

கரைசல்தான் பம்பைத் தீர்மானிக்கிறது

கடையில் விற்கும் இரண்டு பாட்டில் மருந்து வாங்குவதானாலும் சரி, வீட்டில் கலப்பதானாலும் சரி, ஒரு மில்லியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் பம்ப் வாங்க முடியாது. வீட்டுக் கணக்கு எளிது. 84 கிராம் சோடா மாவு, அதாவது ஆப்பத்துக்குப் போடும் சோடியம் பைகார்பனேட், ஒரு லிட்டர் கரைசலில் இருந்தால் ஒரு மில்லிக்கு 1 மில்லி ஈக்விவலன்ட் (அல்கலினிட்டியை அளக்கும் இன்னோர் அலகு) வரும். அதன் ஒரு மில்லி, ஒரு லிட்டர் நீரை 2.8 டி.கே.எச். உயர்த்தும்.

நம் எடுத்துக்காட்டுத் தொட்டிக்குப் போட்டுப் பாருங்கள். 180 லிட்டரில் 0.5 உயர்த்த வேண்டும். 180-ஐ 0.5-ஆல் பெருக்கி 2.8-ஆல் வகுத்தால் 32. ஒரு நாளைக்கு 32 மில்லி. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதித் தொட்டியில் ஒட்டிவையுங்கள். பம்ப் கடைக்காரரிடம் பேசும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது இதுதான்.

இதற்கு ஜோடியான கால்சியக் கரைசலுக்கு ஒரு லிட்டருக்கு 73.5 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். இப்படிக் கலந்தால் இரண்டிலும் ஒரே மில்லி போகும், கணக்கு குழம்பாது. கெட்டியாக வேண்டுமென்றால் 106 கிராம் சோடியம் கார்பனேட், 147 கிராம் கால்சியம் குளோரைடு. இது இரண்டு மடங்கு வீரியம், 32-க்குப் பதில் 16 மில்லி போதும். சோடியம் கார்பனேட் பி.எச்.-ஐச் சற்று உயர்த்தும், சோடா மாவு அப்படிச் செய்யாது.

சோடா மாவு வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். பேக்கிங் பவுடரில் மாவும் புளிப்பும் கலந்திருக்கும், அது ஆகாது. வண்ணான் சோடா என்று மூட்டையில் வருவதும் ஆகாது. கால்சியம் குளோரைடு கரையும்போது பாத்திரம் சுடும். பொடியை நீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், நீரைப் பொடிமேல் ஊற்றாதீர்கள். மீந்த பொடியை இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்துக் காற்றில் ஒரு ராத்திரி திறந்து கிடந்தால் காலையில் கூழாகிவிடும். அப்புறம் அதை நிறுத்துக் கலந்தால் பாதி எடை தண்ணீரின் எடைதான்.

கலக்கும் நீர் ஆர்.ஓ. தாண்டி, மிச்ச உப்பையும் நீக்கும் டி.ஐ. ரெசின் வழியாகவும் வந்ததாக இருக்கட்டும், டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்ட வேண்டும். அடுப்படியில் குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ. மெஷினில் ருசிக்காகக் கொஞ்சம் போர் தண்ணீரையே திரும்பக் கலக்கும் திருகு பலவற்றில் இருக்கும். அந்த நீர் இதற்கு உதவாது.

இனி பம்ப்

டோசிங் பம்ப் என்பது பெரிஸ்டால்டிக் பம்ப். வளைந்து கிடக்கும் மெல்லிய குழாயை இரண்டு மூன்று ரோலர்கள் நசுக்கிக்கொண்டே சுற்றும். நசுங்கிய இடத்துக்கு முன்னால் இருக்கும் கரைசல் நகரும். கரைசல் குழாயைத் தவிர எதையும் தொடாது, அதனால் உப்பு அரிக்க உள்ளே ஒன்றுமில்லை. கரைசல் போகும் வழியில் தேயக்கூடிய ஒரே பொருள் குழாய்.

வேகத்தைப் பாருங்கள், அதுவும் குறைந்த வேகத்தை. விளம்பரத்தில் நிமிடத்துக்கு இத்தனை மில்லி என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். நமக்கு வேகம் எதிரி. 32 மில்லியை நாளுக்கு 24 தடவையாகப் பிரித்தால் ஒரு தடவைக்கு 1.3 மில்லி. நிமிடத்துக்கு 50 மில்லி தள்ளும் பம்பில் அது ஒன்றரை விநாடி வேலை. மோட்டார் கிளம்பவும் நிற்கவும் கால் விநாடி முன்பின்னானால் ஆறில் ஒரு பங்கு பிழை. அதே 1.3 மில்லியை நிமிடத்துக்கு 5 மில்லி தள்ளும் பம்ப் 16 விநாடியில் தள்ளும். கால் விநாடி அங்கே தெரியவே தெரியாது.

மோட்டாரில் இரண்டு வகையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். சாதாரண டி.சி. மோட்டார் நேரத்தை வைத்து ஓடும், இத்தனை விநாடி சுற்றினால் இத்தனை மில்லி என்ற நம்பிக்கையில். குழாய் தளர்ந்தாலும் பிரஷ் தேய்ந்தாலும் அந்த நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகப் பொய்க்கும். ஸ்டெப்பர் மோட்டார் சுற்றை எண்ணி ஓடும், சத்தமும் குறைவு. கூடத்தில் படுப்பவர்கள் இருக்கும் வீட்டில் இரவு 2 மணிக்கு 'கர்ர்' என்று ஒரு சத்தம் வராமலிருப்பது சின்ன விஷயமில்லை. கைக்காசு இடம் கொடுத்தால் ஸ்டெப்பர் வாங்குங்கள். இடம் கொடுக்காவிட்டால் சாதாரண மோட்டாரே போதும், கரைசலை இரண்டு மடங்கு நீர்க்கக் கலந்துகொள்ளுங்கள். ஒரு தடவைக்கு 2.6 மில்லி போகும், பிழை பாதியாகும். சின்னத் தொட்டிக்காரர்களுக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

ஏன் 24 தடவை, ஒரே தடவையில் ஊற்றினால் என்ன என்று கேட்பவர்களுக்கு நம் ஊர் முறைப்பாசனத்தைத்தான் காட்டுவேன். தண்ணீர் இருக்கிறதே என்று மடையை ஒரே மூச்சில் திறந்துவிட்டால் நாற்று சாயும், வரப்பு உடையும். முறைவைத்து விட்டால் கடைமடை வரை போய்ச் சேரும். அல்கலினிட்டி நாள் முழுக்க 8-ஐ ஒட்டியே நிற்பது, காலையில் 8.5 இரவில் 7.9 என்று ஏறி இறங்குவதைவிடப் பவளத்துக்கு நல்லது.

ஹெட் எத்தனை? இரண்டு. அல்கலினிட்டிக்கு ஒன்று, கால்சியத்துக்கு ஒன்று. மெக்னீசியத்தைக் கையால் ஊற்றலாம் என்று மேலே சொன்னேன். அதே விலையில் சுமாரான நான்கு ஹெட் கிடைக்கிறது என்றால், நல்ல இரண்டு ஹெட்டை எடுங்கள். ரெட் சீயின் ரீஃப்டோஸ் 2 ஹெட், 4 ஹெட் என்று வருகிறது. நெப்டியூனின் டாஸ் 2 ஹெட், ஸ்டெப்பர் மோட்டார், அதே நிறுவனத்தின் அப்பெக்ஸ் கன்ட்ரோலர் வைத்திருப்பவர்களுக்கு ஏற்றது. கமோயர், ஜெபாவ் இரண்டும் சீனத் தயாரிப்புகள், பல மாடல்களில் வருபவை. பெயரைவிட முக்கியம், அந்த மாடலுக்கு மாற்றுக் குழாயும் மாற்று ஹெட்டும் தனியாக நம் நாட்டில் கிடைக்கிறதா என்பது. சென்னை கொளத்தூர் கடைக்காரரிடம் போனில் கேட்கும்போது முதலில் இதைக் கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த மாடலுக்குப் போய்விடுங்கள்.

குழாய் சிலிகானா, ஃபார்மெட் வகையா என்றும் கேளுங்கள். சிலிகான் மிருதுவானது, சீக்கிரம் தளரும். ஃபார்மெட் வெளிர்மஞ்சளாகக் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், நீண்ட நாள் உழைக்கும்.

கரண்ட் போய் வந்தால்

என் இரண்டாவது பம்ப் பார்க்க அழகாக இருக்கும். நான்கு ஹெட், பளிச்சென்ற திரை. உள்ளே கடிகாரத்துக்கு பேட்டரி இல்லை என்பது வாங்கும்போது எனக்குத் தெரியாது. ஓர் ஐப்பசி ராத்திரி மழைக் காற்றில் கரண்ட் வந்து வந்து போனது. வரும் ஒவ்வொரு முறையும் பம்பின் கடிகாரம் நள்ளிரவு 12-க்குத் திரும்பும். 12 மணி டோஸ் என்று நான் போட்டுவைத்திருந்த 8 மில்லியை உடனே விடும். பதினொரு முறை. காலையில் பார்த்தால் சம்ப்பில், அதாவது தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியில், குழாய் முனைக்குக் கீழே நீர் பால் கலங்கியதுபோல் இருந்தது, நீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்பின் மூடியில் வெள்ளைச் சுண்ணாம்பு படிந்திருந்தது. அல்கலினிட்டி 8.2-இல் இருந்து 9.5-க்கு மேல் போயிருந்தது. தோல் பவளம் கைவிரல்களை மடக்கிக்கொண்டதுபோல் மூன்று நாள் சுருங்கியே கிடந்தது. நான்காம் நாள் ஒரு கிளையில் மட்டும் பாலிப்கள், பவளத்தின் பூப்போன்ற குட்டி உயிர்கள், மெல்ல எட்டிப்பார்த்தபோது, வேலைக்குக் கிளம்பியவன் பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

எனவே வாங்கிய முதல் வாரத்தில், கரைசலை இணைக்காமல் வெறும் ஆர்.ஓ. நீரில் ஓடவிட்டு மூன்று சோதனை செய்யுங்கள். திருப்பித் தரும் நாள் முடிவதற்குள் செய்யுங்கள்.

பம்ப் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கி, இரண்டு நிமிடம் கழித்துச் செருகுங்கள். நேரம் சரியாக இருக்கிறதா, பாதியில் நின்ற டோஸை மறுபடி முதலிலிருந்து விடுகிறதா என்று பாருங்கள். அடுத்து, இரவு முழுக்கப் பிடுங்கிவைத்துக் காலையில் செருகுங்கள். விட்டுப்போன டோஸ்களையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் விடும் பம்ப் ஆபத்தானது. விட்டதை விட்டுவிட்டு அடுத்த நேரத்துக்குக் காத்திருப்பதுதான் நமக்கு வேண்டிய குணம். மூன்றாவதாக, வைஃபை ரூட்டரை ஒரு நாள் அணைத்துவையுங்கள். அட்டவணை பம்புக்குள்ளேயே பதிந்திருந்தால் அது பாட்டுக்கு ஓடும். ஆப்பையும் இன்டர்நெட்டையும் நம்பி ஓடும் பம்பின் சாயம் அன்றைக்கே வெளுத்துவிடும்.

வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்திருந்தால் அது யூ.பி.எஸ். மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் லைன் மாறும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்திலேயே சில பம்புகள் அணைந்து எழும். இன்னொரு வழியும் உண்டு. அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருந்தால், வைஃபை ரூட்டருக்கு விற்கும் 12 வோல்ட் மினி யூ.பி.எஸ்.ஸே பம்பைத் தாங்கும். அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியரும் அதில் கிடைக்க வேண்டும். 24 வோல்ட் பம்புக்கு அதைச் செருகாதீர்கள்.

புயல் காலம் வேறு கணக்கு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் அருகே கரையேறிய பிறகு, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நிலை வந்தால் டோசிங்கை நிறுத்திவிடுங்கள். விளக்கு இல்லாத தொட்டியில் பவளம் ஓடு கட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும். இருக்கும் பேட்டரி அத்தனையும் நீரோட்டத்துக்கும் காற்றுக்கும்தான். கரண்ட் வந்ததும் அளந்து பார்த்த பிறகே பம்பைத் திரும்பப் போடுங்கள்.

பொருத்தும்போது

கரைசல் பாட்டில் குழாய் முனையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். ரோலர் ஒருநாள் இறுக்கம் தளர்ந்தால், மேலே இருக்கும் பாட்டில் சைஃபனாகித் தொட்டிக்குள் காலியாகிவிடும். குழாய் முனை நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் தொங்கட்டும். நீருக்குள் முங்கியிருந்தால் தொட்டி நீர் பாட்டிலுக்குத் திரும்ப வழியுண்டு, முனையும் சுண்ணாம்பு கட்டி அடைத்துக்கொள்ளும்.

பாட்டிலில் ஒரு வாரத்துக்கு மேல் ஊற்றாதீர்கள். இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நம் கணக்கில் ஒரு வாரத்துக்கு 224 மில்லி. பம்ப் பழுதாகி மொத்தமும் கொட்டினால் அல்கலினிட்டி மூன்றரை ஏறும், தொட்டி கஷ்டப்படும், பெரும்பாலும் பிழைக்கும். ஒரு லிட்டர் ஊற்றிவைத்து அது கொட்டினால் பதினைந்துக்கு மேல் ஏறும், பிழைக்காது.

இரண்டு குழாயும் சம்ப்பில் நீர் வேகமாக ஓடும் இடத்தில், ஒன்றுக்கொன்று தள்ளி விழட்டும். அல்கலினிட்டி மணி அடிக்கும்போது, கால்சியம் அரை மணிக்கு. இரண்டும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சந்தித்தால் பவளத்துக்குப் போகவேண்டியது வெள்ளைத் தூளாகிச் சம்ப் அடியில் கிடக்கும்.

ஓடவிடும்போது

முதலில் அளவு சரிபார்க்க வேண்டும். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, பம்பை 20 மில்லி ஆர்.ஓ. நீர் விடச் சொல்லுங்கள். 20 கிராம் வர வேண்டும். 18.6 வந்தால் பம்பில் அதைப் பதிந்து மறுபடி ஓட்டுங்கள். தொட்டியில் பொருத்தப்போகும் அதே குழாய் நீளத்தில், குழாய்க்குள் காற்றுக்குமிழி போன பிறகு இதைச் செய்யுங்கள். மாதம் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள்.

பிறகு 32 மில்லியை உடனே போடாதீர்கள். முதல் மூன்று நாள் 16 மட்டும், தினமும் காலை அதே நேரத்தில் அளவு பாருங்கள். இறங்குவது பாதியாகியிருந்தால் உங்கள் கணக்கு சரி. அப்புறம் 24, அப்புறம் 32. அல்கலினிட்டி ஒரு நாளில் 0.5-க்கு மேல் ஏறவிடாதீர்கள். எண் நிலைத்த பிறகு வாரம் இருமுறை அளந்தால் போதும். சித்திரை வெயிலில் தொட்டி நீர் சீக்கிரம் வற்றும். வற்றிய நீரில் எல்லா எண்ணும் கூடிக் காட்டும், அதனால் அளப்பதற்கு முன் நீர்மட்டத்தை நன்னீரால் நிரப்பி உப்படர்த்தி 1.026-இல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பவளம் வளர வளரக் குடிக்கும் அளவும் கூடும். வைத்த அளவிலேயே விட்டுவிட்டால் நாலு மாதத்தில் மெல்ல இறங்கத் தொடங்கும், அப்போது 10 சதவீதம் கூட்டுங்கள். திடீரென்று இறங்கினால் கூட்டுவதற்கு முன் குழாயைப் பாருங்கள். ஹெட்டைக் கழற்றிக் குழாயை விரலால் அழுத்தினால், நல்ல குழாய் உடனே வட்டமாக எழும். தளர்ந்தது தட்டையாகவே கிடக்கும், ரோலர் ஓடிய தடம் வெள்ளைக் கோடாகத் தெரியும். சிலிகானை ஆறு மாதத்தில், ஃபார்மெட்டை ஒரு வருடத்தில் மாற்றிவிடுகிறேன். மாற்றிய தேதியை ஒரு சின்னத் துண்டுச் சீட்டில் எழுதி ஹெட்டின் மேலேயே ஒட்டிவிடுவேன், பக்கத்திலேயே அடுத்த குழாயும் ஒரு கவரில் தொங்கும்.